இரண்டு விரல் துணி

பொள்ளாச்சி கடைவீதியில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் சபீனா மாஸ்டர் இருந்தார். தையல் மாஸ்டர். வயது முப்பத்தேழு. வாரம் இரண்டு நாள் அவரிடம் துணி வெட்டப் பழக வந்த சிஷ்யை உமையாளுக்கு வயது ஐம்பத்து நான்கு.

உமையாள் சாதாரண ஆள் இல்லை. கல்லூரியில் இருபத்தாறு வருஷம் ஆடை வடிவமைப்பு சொல்லிக்கொடுத்தவள். வெட்டும்போது எவ்வளவு துணி வீணாகிறது, சாயத் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று அவள் பேசத் தொடங்கினால், பிள்ளைகள் அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கவே பயப்படுவார்கள். ஆனால் எல்லாம் கரும்பலகையோடு சரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது விருப்ப ஓய்வு வாங்கிச் சொந்தக் கடை போட்ட பிறகுதான் உறைத்தது. கத்திரிக்கோலை எடுத்தால் கோடு ஒரு பக்கம், வெட்டு ஒரு பக்கம் போனது. கௌரவம் பார்க்காமல் மாடி ஏறினாள். அதற்காக அவளைப் பாராட்டத்தான் வேண்டும்.

மாஸ்டர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டாள். யார் யாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது கீழே இருந்த பாத்திரக் கடைக்காரருக்குக் கடைசி வரை பிடிபடவில்லை.

உமையாளின் கடையில் இருந்ததெல்லாம் கைத்தறிப் பருத்தி, அவுரிச் சாயம், தேங்காய்ச் சிரட்டைப் பொத்தான். யாராவது பிளாஸ்டிக் பை கேட்டால் ஒரு பார்வை பார்ப்பாள், அவ்வளவுதான். மேசைமேல் ஒரு ஊறுகாய் பாட்டில் இருந்தது. கடை தொடங்கிய நாளிலிருந்து அவள் வெட்டி எறிந்த துணி மொத்தமும் அதற்குள் அடக்கம். இரண்டு வருஷமாகியும் பாட்டில் பாதிகூட நிறையவில்லை. பிள்ளையின் மார்க் ஷீட்டைக் காட்டுவதுபோல் வருகிறவர்களுக்கெல்லாம் அதைக் காட்டுவாள்.

மாஸ்டரிடம் காட்டும்படியாக ஒன்றும் இல்லை. மூலையில் ஒரு கோணிச் சாக்கு நிறைய வெட்டுத் துணி கிடக்கும். நிறைந்தால் தலையணை தைப்பவர் வந்து தூக்கிக்கொண்டு போவார். வாரத்தில் ஒரு நாளாவது மாஸ்டர் போட்டுவரும் மெரூன் ரவிக்கையோ சுத்த பாலியெஸ்டர். அவர் கையைத் தூக்கும்போது பக்கவாட்டில் அந்த மெரூன் நாலு விதமாகப் பட்டை பட்டையாகத் தெரியும். சாயம் போன மட்டமான துணி என்று உமையாள் முதல் நாளே முடிவுகட்டிவிட்டாள். மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் ஒரு நாள் சொல்லியும்விட்டாள்.

“இந்தத் துணி மண்ணுல போட்டா மக்கவே மக்காது, மாஸ்டர்.”

“அப்படிங்களா டீச்சர்” என்றார் மாஸ்டர். அவர் கை சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டே இருந்தது.

இன்னொரு நாள் உமையாள் தன் மனசில் ரொம்ப காலமாக இருந்ததைக் கேட்டாள்.

“துணியை வீணாக்காம தைக்கறதுக்கு என்ன வழி, மாஸ்டர்?”

மாஸ்டர் முன்னால் கிடந்த ரவிக்கைத் துணியில் பக்கத் தையல் கோட்டுக்கு வெளியே இரண்டு விரலை வைத்தார். விரலை ஒட்டி இன்னொரு கோடு போட்டார்.

“இந்தக் கோட்டுல வெட்டிப் பழகுங்க.”

உமையாளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பெரிய கேள்விக்கு இதுவா பதில்? மேலும், வீணாவதே அந்த இரண்டு விரல் துணிதானே. தைத்த பிறகு அது உள்ளே மடிந்து கிடக்கப் போகிறது, யார் கண்ணிலும் படப் போவதில்லை. தன் கடைக்குப் போய் அந்த இரண்டு விரலை அரை விரலாக்கினாள். பத்து ரவிக்கை வெட்டினால் பதினோராவது ரவிக்கைக்குத் துணி மிஞ்சியது. அடுத்த வாரம் பூரிப்போடு அதை மாஸ்டரிடம் சொன்னாள்.

மாஸ்டர் ஊசியில் நூல் கோத்தார். “உங்க துணிங்க டீச்சர்” என்றார்.

போன ஆவணியில் கனகவல்லி வந்தாள். தபால் ஆபீசில் வேலை பார்ப்பவள். ஒன்றரை வருஷத்துக்கு முன் தன் கல்யாணத்துக்கு உமையாளின் கடையில்தான் அவுரி நீலச் சேலை எடுத்தாள். அந்தச் சேலைத் தலைப்போடு வந்த துணியிலேயே ரவிக்கையும் வெட்டிக் கொடுத்திருந்தாள் உமையாள். இப்போது இடுப்பில் எட்டு மாதப் பையன். நாளை மறுநாள் அவனுக்குக் காதுகுத்து. சேலை புதுசுபோல் இருக்கிறது, ரவிக்கைதான் கொக்கி மாட்ட வரமாட்டேன் என்கிறது, கொஞ்சம் பிரித்துவிட வேண்டும் என்றாள். பிள்ளை பெற்ற பெண் ரவிக்கையைப் பிரித்துவிடக் கேட்பது ஊரில் நடக்காத காரியமா?

உமையாள் ரவிக்கையை உள்புறம் திருப்பினாள். பிரித்துவிட அங்கே அரை விரல் துணிதான் இருந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

புதுசாகவே ஒன்று தைத்துத் தருவதாகவும், பணமே வேண்டாம் என்றும் சொன்னாள்.

கனகவல்லி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “புதுசு புதுசா வாங்க வேண்டாம்னுதானே மேடம் உங்க கடைக்கு வந்தேன். பத்து வருஷம் உழைக்கும்னு நீங்கதான் சொன்னீங்க.”

உமையாள் தாயையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மாடி ஏறினாள்.

மாஸ்டர் ரவிக்கையை வாங்கி, விளிம்பைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார்.

“எங்கீங்க டீச்சர் பிரிக்கட்டும்?”

உமையாள் தரையைப் பார்த்தாள்.

“இதே துணி மிச்சம் ஏதாச்சும் இருக்குங்களா? அந்தப் பாட்டில்ல?”

பாட்டிலில் இருந்தது நகக்கண் அளவுத் துணுக்குகள். அது அவளை விட நன்றாக யாருக்குத் தெரியும்? இல்லை என்று தலையை ஆட்டினாள். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை பேருக்கு உபதேசம் செய்த வாய், ஒரு சாண் நீலத் துணிக்கு வழியில்லாமல் நின்றது.

மாஸ்டர் எழுந்துபோய்ச் சாக்கைக் கவிழ்த்தார். துணி மலைபோல் குவிந்தது. குவியலின் ஒரு பக்கத்தில் பையனைப் படுக்க வைத்தார்கள். அவன் ஒரு சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனான். மறுபக்கத்தில் உமையாள் முழங்காலிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நீலம் தேடினாள். போன மாதம்வரை இந்தச் சாக்கை ஒழிக்க மாஸ்டருக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தவள்தான்.

அச்சு அசலாக அதே நீலம் கிடைக்கவில்லை. ஏதோ பள்ளிக்கூடச் சீருடையின் மிச்சம், கொஞ்சம் கருத்த நீலமாக, நீளவாட்டில் ஒரு துண்டு அகப்பட்டது. மாஸ்டர் பக்கத் தையலைப் பிரித்து, அக்குளிலிருந்து இடுப்புவரை இரண்டு பக்கமும் ஒட்டுக் கொடுத்துத் தைத்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று.

கனகவல்லி திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்தாள். கொக்கி மாட்டியது. கண்ணாடி முன் கையைத் தூக்கினாள். ஒட்டு தெரிந்தது.

“பரவால்லீங்க. கை தூக்குனாத்தானே தெரியும்” என்றாள். தூங்குகிற பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். காதுகுத்து அன்று பிள்ளையைத் தூக்கியபடி நாள் பூராவும் அவள் கை மேலேதான் இருக்கும் என்று உமையாளுக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் தன் கடையிலிருந்து போன ரவிக்கைகளை நினைத்தாள். அத்தனை பேரும் ஒவ்வொருவராக இந்த மாடிப்படி ஏறி வருவதுபோல் இருந்தது.

“நான் அரை விரல் விட்டு வெட்டறேன்னு சொன்னப்பவே நீங்க தடுத்திருக்கலாம், மாஸ்டர்.”

“அதுக்கு முன்னாடியே ரெண்டு விரல் வெச்சுக் காட்டுனேனுங்களே டீச்சர்.”

இருவரும் சேர்ந்து துணியைச் சாக்கில் அள்ளிப் போட்டார்கள். மாஸ்டர் கத்திரிக்கோலை ஆணியில் மாட்டக் கையைத் தூக்கினார். அன்றும் அந்த மெரூன் ரவிக்கைதான். பட்டை பட்டையாகத் தெரிந்த அந்த நாலு மெரூனையும் உமையாள் இன்றுதான் ஒரு தையல்காரியின் கண்ணால் பார்த்தாள். பட்டைக்குப் பட்டை நடுவே, பழைய ஊசி போன துளைகள் ஒரே வரிசையாக இறங்கின. மூன்று வரிசை.

“இது எப்ப தைச்சது, மாஸ்டர்?”

“கல்யாணத்துக்குங்க. பத்தொம்பது வயசுல நானே வெட்டுனது. அப்புறம் மூணு பிள்ளைக்கு மூணு தையல் பிரிச்சாச்சு.”

உமையாள் பக்கத்தில் போய், கேட்டுக்கொண்டு, ரவிக்கை விளிம்பைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இன்னும் ஒரு தையல் பிரிக்காமல் இருந்தது. அதற்குள் அரை விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருந்தது. அதன் நிறம் கல்யாண நாளின் நிறம், கொஞ்சமும் மங்கவில்லை.

“இதை மட்டும் ஏன் பிரிக்கலை?”

மாஸ்டர் ரவிக்கையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“இன்னும் கொஞ்சம் குண்டாவேனுங்க டீச்சர்.”