ஏழாம் மேசை வைன்

"ஒரு வருசம் பாடுபட்டுச் செய்ததை இப்பிடித் துப்புறது பாவமில்லையோ, ரீச்சர்?"

கேட்டவர் குகதாசன். வயது ஐம்பத்திரண்டு. அவருடைய ரீச்சருக்கு இருபத்தெட்டு. பெயர் தர்மினி. இத்தாலியின் பலெர்மோ நகரில் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வைன் சுவைத்துத் தரம் சொல்வது அவள் தொழில்.

"விழுங்குங்கோ. பத்தாவது மேசையிலை பாட்டுப் பாடுவீங்கள்."

"சீ, நான் பாடமாட்டன்."

"முதல் வைன் நாக்கிலை நிண்டால் அடுத்தது பிழையாத்தான் தெரியும், அங்கிள். வாங்கினது எதெண்டாலும் துப்பிப்போட்டுத்தான் அடுத்த மேசைக்குப் போகவேணும்."

அவர் துப்பினார். அதற்கென்றே மேசைக்கு மேசை வாளி வைத்திருந்தார்கள்.

எட்னா மலையடிவாரத்தில் ஒரு பழைய மடத்து மண்டபம் அது. அந்தப் பக்கத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள் வருடம் ஒருமுறை கூடி, தங்கள் புதுச் சிவப்பு வைனை வந்தவர்களுக்கு ஊற்றிக் கொடுக்கும் நாள். நாற்பது மேசைகள்.

குகதாசனுக்கு இது விளையாட்டில்லை. இருபத்துநாலு வருடமாக ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறார். முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார்:

"எங்கடை கடைக்கு ஒரு வைன் தெரிவுசெய்துகொண்டு வா. நல்லதெண்டால் நாளையிலையிருந்து மேசையளுக்கு வைன் ஊத்துறது நீதான். பிழைச்சால் பழையபடி கழுவுற தொட்டிதான்."

பாவம், மனுசன் முதல் நாள் சோறுகூடச் சரியாகச் சாப்பிடவில்லை.

"வேறை என்ன கவனிக்கவேணும், ரீச்சர்?"

"சீஸ் நீட்டுவினம். தொடாதேங்கோ. அதைத் திண்டுபோட்டுக் குடிச்சால் எந்தக் கரடுமுரடான வைனும் நல்லாத்தான் இருக்கும்."

தலையாட்டிவிட்டுத் தனியே போனார்.

மத்தியானம் ஓடி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ரீச்சர் என்று கூப்பிடவும் மறந்துபோனார்.

"கண்டுபிடிச்சிட்டன், பிள்ளை! ஏழாம் மேசை. என்ன வாசம், என்ன மிருது! இதைத்தான் கொண்டுபோகப் போறன்."

"சீஸ்?"

"சத்தியமாத் தொடேல்லை. அந்த மேசைக்காரர் நீட்டினவர். வேண்டாமெண்டு கும்பிட்டுட்டன்."

"ஆக மோசம் எது?"

"பன்னிரண்டு. சேத்துச் சப்பாத்தோட ஒரு மனுசி. நிமிர்ந்தும் பாக்கேல்லை. ஊத்திப்போட்டு, 'வழியை விட்டு நில்' எண்டவ. வைனும் அவவை மாதிரித்தான். ஒரே கசப்பு."

தர்மினி மண்டபத்தின் பின்பக்கம் கிளாஸ் கழுவும் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள். மண்டபத்துக்குள் போய் இரண்டு கிளாஸில் வைன் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"குடிச்சுப் பாருங்கோ."

முதலாவதைச் சுழற்றினார், மணந்தார், ஒரு வாய் எடுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு துப்பினார்.

இரண்டாவதுக்குக் கண்ணை மூடிக்கொண்டார். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். துப்ப மனமில்லாமல்தான் துப்பினார்.

"இதுதான் ஏழு! நான் சொன்னனெல்லோ!"

"தூக்கி அடியைப் பாருங்கோ."

கிளாஸின் அடியில் ஒரு கடதாசித் துண்டு ஒட்டியிருந்தது. பன்னிரண்டு.

மற்றதையும் தூக்கிப் பார்த்தார். ஏழு.

"ஐயோ," என்றார் குகதாசன். கழுவுதொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். வெட்கமாக இருந்தது. இந்தக் கசப்பை அல்லவா முதலாளிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்திருப்பேன் என்று நினைக்கப் பயமாகவும் இருந்தது.

"அங்கை குடிக்கேக்கை உண்மையிலேயே நல்லா இருந்தது, பிள்ளை. நான் பொய் சொல்லேல்லை."

"தெரியும். சீஸும் தொடேல்லை. வேறை என்ன தந்தவர்?"

"ஒண்டும் தரேல்லை."

"நல்லா யோசிச்சுப் பாருங்கோ."

"இருக்கக் கதிரை தந்தவர். தான் எழும்பி நிண்டு தந்தவர்."

"பிறகு?"

குகதாசன் கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தார்.

"மாயெஸ்த்ரோ எண்டவர்."

குருவே என்று இத்தாலிக்காரர் மரியாதையாக அழைக்கும் சொல் அது.

"'மாயெஸ்த்ரோ, எப்பிடி இருக்கு, நீங்கள்தான் சொல்லவேணும்' எண்டு கேட்டவர். இந்த நாட்டுக்கு வந்த நாள்தொட்டு என்னை ஒருத்தரும் அப்பிடிக் கேட்டதில்லை, பிள்ளை."

தர்மினி துப்புகிற வாளியொன்றை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள்.

"அந்த மாயெஸ்த்ரோவைத் துப்பினீங்களோ, அங்கிள்?"