நெருப்புப் பொறியும் செம்பாயி கையும்

ஒரு குளத்துல ஒரு வீடு இருந்துச்சாம் ஆதிரை. கண்ணுக்கே தெரியாத பொடி வீடு. ஏய், கழுத்து வரைக்கும் போத்து, அப்பத்தான் சித்தி சொல்லுவேன். ம் கொட்டணும், தெரியுதா?

"ம்."

அந்த வீட்டுக்குக் காவல், செம்பாயின்னு ஒருத்தி. அவளுக்கு என்ன வேலை? வேலப்பன்னு ஒரு ஓட்டக்காரன், அவன் கைய விடாமப் பிடிச்சுக்கிறதுதான். விட்டா ஓடிப்போய் மணியடிச்சிருவான். மணி கேட்டா வீட்டுல இருக்கிற அத்தனை பேரும் தண்ணியத் தூக்கிட்டு வந்து ஊத்துவாங்க. ஒரு தடவ சும்மாவே அடிச்சுட்டான். அடுப்பு அணைஞ்சு எல்லாரும் பட்டினி!

அப்புறம் என்னாச்சு, குளத்துப் பாசியெல்லாம் மூச்சு விட்டு விட்டு, புதுசா ஒரு காத்து வந்துச்சு. அந்தக் காத்துல அடுப்பு ஜெகஜோதியா எரிஞ்சுது. சோறு சட்டுனு வெந்துச்சு. ஆனா சட் சட்னு பொறி பறந்துச்சு! உள்ள குஞ்சு குளுவான்லாம் தூங்குதுங்க. கூரையோ காஞ்ச ஓலை.

மொதப் பொறி செம்பாயி சுண்டுவிரல்ல விழுந்துச்சு. ஸ்ஸ்! அவ விடல. அப்புறம் இன்னொண்ணு, பக்கத்து விரல்ல. "விடு செம்பாயி, கூரை புகையுது"ன்னான் வேலப்பன். "போடா, மறுபடி பட்டினி போடவா?"ன்னா. பிடிவாதக்காரி, உன்னாட்டம். அப்போ மூணாவது பொறி, நடு உள்ளங்கையில. ஐயோன்னு கை தன்னால விட்டுருச்சு!

"ம்?"

குடுகுடுன்னு ஓடினான். டண் டண் டண்! சொர்ர்ருன்னு தண்ணி. தீ அணைஞ்சுது, ஒரு குஞ்சுக்கும் ஒண்ணும் ஆகல. அடுப்ப மறுபடி மூட்டிக்கிட்டாங்க. செம்பாயி மட்டும், "பிடிச்ச கைய விட்டுட்டேனே"ன்னு ஓன்னு அழுதா. வேலப்பன் திரும்பி வந்து அவ கையில வெண்ணெய் தடவினான். "சுட்டதும் விட்ட பாரு, அதனாலதான் எல்லாரும் பொழச்சோம்"னான். புண்ணு ஆறினதும் மறுபடி அவன் கையப் பிடிச்சுக்கிட்டா.

அப்புறம் அந்த வீடு ரெண்டாச்சு, நாலாச்சு. ஒரு பக்கம் மாவப் புளிக்க வைக்கிற பொடிசுங்களாச்சு. இன்னொரு பக்கம் மீனாச்சு, தவளையாச்சு, கடைசியில என் தங்கமாச்சு. உன் உடம்பு பூரா அந்த மாதிரிப் பொடிப் பொடி வீடுங்கதான், வீட்டுக்கு வீடு ஒரு செம்பாயி உண்டு.

"எனக்குள்ளயுமா சித்தி?"

பின்ன? இந்த வாரம் பூரா உனக்குக் காய்ச்சல் கொதிச்சுதே. நான் பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டிருந்தேன், வேறென்ன தெரியும் எனக்கு? அவதான் உள்ள கையச் சுட்டுக்கிட்டு நின்னா. இன்னைக்கு நீ ரெண்டு இட்லி தின்ன. அந்த மகராசி நல்லா இருக்கணும்.

என்னடி பண்ற? எதுக்கு உள்ளங்கைய ஊதுற?

"செம்பாயிக்கு எரியுமில்ல?"

அடி என் செல்லமே! ஊது, நானும் சேந்து ஊதுறேன். ஃபூ... ஃபூ... பொறி அணைஞ்சாச்சு, கதையும் ஆச்சு, கண்ண மூடு.