எப்போது தூக்கலாம்

ரத்தம் உறையாத நோய்க்கு மருந்து தேடும் ஆய்வகம் ஒன்று அந்த மருத்துவமனையின் மூன்றாவது மாடியில் இருந்தது. அதை நடத்தி வந்தவர் டாக்டர் சௌதாமினி. அவரிடம் ஆய்வு மாணவனாக இருந்த ரெமிஜியூஸுக்கே அந்த நோய் உண்டு. ஹீமோபிலியா. சிறு வயதில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்து கசிந்து இடது முழங்கால் மடங்காமல் போயிருந்தது. இப்போது ரத்தத்தை உறைய வைக்கும் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு வேலைக்கு வந்துவிடுவான். விந்தி விந்தித்தான் நடப்பான். ஆனாலும் ஆய்வகத்தில் முதலில் விளக்கைப் போடுகிறவன் அவன்தான்.

ஒரே ஒரு தடவை செலுத்தினால் பல வருஷம் ஊசியே வேண்டாத மருந்து ஒன்றை அவர்கள் எலிகளிடம் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை ரெமிஜியூஸ் மருந்து செலுத்திய எலியின் ரத்தம் இருந்த குழாயைச் சாய்த்துப் பார்த்தான். ரத்தம் வழியவில்லை. அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

குழாயைக் கையில் பிடித்தபடி சௌதாமினியின் அறைக்குப் போனான்.

"மேடம், உறைஞ்சிருச்சு."

அவர் வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். "மறுபடியும் செஞ்சு பார்த்தியா?"

"பார்த்துட்டேன். அதுவும் உறைஞ்சிருச்சு."

சௌதாமினியின் முகம் மலர்ந்தது. ரெமிஜியூஸ் போகாமல் நின்றான்.

"மனுஷங்களுக்கு இது எப்போ வரும், மேடம்?"

"ஏன் கேக்குற?"

"ஊர்ல ஷெரின்னு ஒரு பொண்ணு. டீச்சர். என் நோய் தெரிஞ்சும் கல்யாணத்துக்குச் சம்மதம்னு சொல்லிட்டா. நான்தான் மருந்து வரட்டும்னு நிறுத்தி வச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"எனக்கு மகள் பிறந்தா அவ ரத்தத்துல இது இருக்கும். அவளோட பிள்ளைக்கு வரலாம். நான் பட்டதை அதுவும் படணுமா? எப்போன்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் பொறுத்துக்கிறேன்."

சௌதாமினி குழாயைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"கீழே வார்டுல ஒரு குழந்தையைப் பார்க்கணும். கூட வா."

வார்டில் ஒரு கட்டிலைச் சுற்றித் தலையணைகளாக அடுக்கியிருந்தது. நடுவில் எட்டு மாதக் குழந்தை கிடந்தது. அதன் அக்குளிலும் விலாவிலும் விரல் பட்ட இடமெல்லாம் நீலம் பூத்திருந்தது. தாய் பாண்டிமீனா கட்டிலை ஒட்டி, கைகளை மடிக்குள் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்த நோய்தான் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் பிள்ளையைத் தூக்கவில்லை என்று நர்ஸ் சொன்னாள். பாலைக்கூடக் குனிந்தே கொடுக்கிறாளாம்.

குழந்தை தாயைப் பார்த்துக் கைகளை நீட்டியது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இவன எப்பத்தான் தூக்கலாம்?"

சௌதாமினி ரெமிஜியூஸைக் காட்டினார். "இவருக்கும் இதே நோய்தான். இவர்கிட்ட கேளுங்க."

பாண்டிமீனா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த நோய் உள்ள ஒருவர் இவ்வளவு வளர்ந்து நிற்க முடியும் என்பதே அவளுக்குப் புதிதாக இருந்தது.

ரெமிஜியூஸ் குழாய்களோடு பழகியவன், நோயாளிகளோடு அல்ல. குழந்தை இப்போது அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் குனிந்து, ஒரு கையைப் பிள்ளையின் புட்டத்துக்கு அடியிலும் இன்னொன்றை முதுகிலும் கொடுத்து மெல்லத் தூக்கினான்.

"அக்குள்ல பிடிச்சு இழுக்காதீங்க. அடியில கை கொடுத்து இப்படித் தாங்குங்க."

"அப்பவும் நீலம் பட்டுச்சுன்னா?"

"சில சமயம் படும். வீங்குனா, வலிச்சு அழுதா உடனே இங்க வந்துருங்க. ஊசி இருக்கு."

"ஒங்க அம்மா ஒங்களத் தூக்குனாகளா?"

"தூக்குனாங்க."

"அவுகளுக்குப் பயமே இல்லையா?"

ரெமிஜியூஸ் சற்று யோசித்தான். அந்தக் காலத்தில் அவர்கள் ஊரில் ஊசி கிடையாது. ஐஸ்கட்டிதான். முழங்கால் வீங்கிய நாட்களில் அம்மா அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே மீன் விற்கப் போயிருக்கிறாள்.

"ரொம்பப் பயந்தாங்க," என்றான். "பயந்துக்கிட்டேதான் தூக்குனாங்க."

பாண்டிமீனா எழுந்தாள். அவன் சொன்னபடியே அடியில் கை கொடுத்து வாங்கிக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்து, முடியைப் பிடித்து இழுத்தது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

லிஃப்டில் மேலே போகும்போது ரெமிஜியூஸ் கேட்டான்.

"மேடம், நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லல."

"மருந்து வரும். அதுக்குத்தானே நாம இங்க இருக்கோம். எப்போன்னு எனக்குத் தெரியாது."

"அப்போ நான் என்ன செய்யறது?"

"அந்தக் குழந்தையோட அம்மா எப்பத் தூக்கலாம்னு கேட்டாளே," என்றார் சௌதாமினி. "மருந்து வரட்டும், அதுவரைக்கும் பொறுன்னு நீ ஏன் அவகிட்ட சொல்லல?"

லிஃப்ட் கதவு திறந்தது. ரெமிஜியூஸ் வெளியே வந்து ஷெரினுக்குப் போன் போட்டான்.