பச்சை வாகை நாற்காலி

சிங்காரம் ஊரை ஆளும் பட்டக்காரருக்கு மச்சினன். அதைத் தவிர வேறு வேலை இல்லை. தச்சுவேலை செய்யும் வேலாத்தாவின் பட்டறை மேல் அவனுக்குக் கண். ஒருநாள் அவளிடம் வந்து பந்தயம் கட்டினான்.

"இன்னிக்கு வெட்டின பச்சை வாகையில, ஆணி, பசை இல்லாம ஒரு நாற்காலி செய். அமாவாசையன்னிக்கு மல்லர்கள் இழுப்பாங்க. கால் கழண்டா பட்டறை என்னுது."

வேலாத்தா குறுக்குக் கட்டைகளை மட்டும் கடலை வறுப்பதுபோல் சுடுமணலில் காயவைத்தாள். அவற்றைப் பச்சைக் கால்களின் துளைகளில் அடித்து இறக்கினாள். கொடுக்கும்போது கெஞ்சினாள்.

"வெயில்ல மட்டும் வெச்சுப்போடாதீங்க, சாமி."

விடுவானா? அன்றைக்கே மொட்டைமாடியில் ஏற்றிவிட்டான்.

அமாவாசையன்று பட்டக்காரர் முன்னால் இரண்டு மல்லர்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தார்கள். நாற்காலி முனகக்கூட இல்லை. ஈரம் வற்றிய கால்கள் சுருங்கிக் கட்டைகளைக் கவ்வியிருந்தன. பட்டக்காரரே இறங்கிவந்து இணைப்பைத் தடவினார். நகம் நுழையவில்லை.

"எப்படியம்மா இது?"

"பாதி வேலைதானுங்க என்னுது. வெயில்ல வெச்சு இறுக்கினது உங்க மச்சினருங்க."