மிளா பதித்த குளம்படி

மலையடிவாரத்துப் பெரிய ஏரிக்கு ஒரு மிளா மான் தலைவராக இருந்தார். நல்ல உயரம், கிளை கிளையாகக் கொம்பு. இளவயதில் ஏழு காடுகளுக்குத் தூது போய் வந்தவர். எந்த விலங்கோடும் அவருக்குச் சண்டை கிடையாது. இப்படி ஒருவரைத் தலைமையில் வைத்தால் பார்க்க அழகாக இருக்குமே என்று மந்திரி நீர்நாய்தான் அவரைக் கூட்டி வந்து வைத்தது.

பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆட்சி முழுக்க நீர்நாயின் கையில். தலைவருக்கு இரண்டே வேலை. வெளியூரிலிருந்து விருந்தாளி வந்தால், வரவேற்று, கிளம்பும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும்; அதில் மந்திரிகூடத் தலையிடக் கூடாது. அடுத்தது, நீர்நாய் போடும் உத்தரவுக்கு ஏரிச் சேற்றில் குளம்படி பதிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் ஒரு தடவை திருப்பி அனுப்பலாம். அதே உத்தரவு மறுபடி வந்தால், பதித்தாலும் சரி, மூன்று நாள் சும்மா இருந்தாலும் சரி, அது செல்லும். இதற்கு எதற்கு ஒரு தலைவர் என்று என்னைக் கேட்காதீர்கள். அவரே மனசுக்குள் பல தடவை கேட்டுக்கொண்டதுதான்.

போன வருஷம் ஏரிக்கரையில் ஓர் ஓட்டை விழுந்தது. முள்ளம்பன்றி வளை தோண்டியதால்தான் கரை ஓட்டையானது என்று சொல்லி, அதை ஏரியை விட்டே அனுப்ப நீர்நாய் உத்தரவு போட்டது. தோண்டியது நீர்நாயேதான். மிளாவுக்கு அது தெரியும். எதற்கு வம்பு என்று மூன்று நாள் சும்மா இருந்துவிட்டார். 'நான் குளம்படி பதிக்கவில்லையே' என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் வேறு! முள்ளம்பன்றி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஏரி எல்லையிலிருந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. போகும்போது திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தது. அன்றிலிருந்து மிளாவுக்குத் தின்ற புல் உடம்பில் ஒட்டவில்லை.

இந்த வருஷம் ஆட்காட்டிக் குருவிக்கு வந்தது கேடு. ஏரிக்குக் காவல் அதுதான். எது நடந்தாலும் கத்தி எல்லாரையும் கூட்டிவிடும். மீன்கள் குஞ்சு பொரிக்கும் மூலையில் யாரும் வாய் வைக்கக் கூடாது என்று அங்கே ஒரு சட்டம். சட்டம் போட்ட நீர்நாயே ஒரு விடியற்காலையில் அங்கே வாய் வைத்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். ஆட்காட்டி ஆள் பார்க்காமல் கத்தியது. முயல், ஆமை எல்லாம் எழுந்து வந்து பார்த்துவிட்டன.

அன்று மத்தியானமே உத்தரவு வந்தது. "ஆட்காட்டி இனி இந்த ஏரியைச் சேர்ந்ததல்ல. உடனே வெளியேற வேண்டும்."

மிளா கரைக்குப் போய்ப் பார்த்தார். ஆட்காட்டி கூழாங்கற்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தது.

"தலைவரே, எனக்குக் கீழே நாலு முட்டை இருக்கிறது. பொரிக்க இன்னும் பன்னிரண்டு நாள் ஆகும். முட்டையைத் தூக்கிக்கொண்டா போக முடியும்? நான் எழுந்து போனால் வெயிலில் வெந்துவிடுமே" என்றது.

மிளா உத்தரவைத் திருப்பி அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் அதே உத்தரவு மறுபடி வந்தது. அவர் நீர்நாயிடம் போனார்.

"மந்திரியாரே, பன்னிரண்டு நாள் பொறுக்கக் கூடாதா?"

"உங்களுக்கு எதற்கு இந்தத் தலைவலி? பேசாமல் நிழலில் நில்லுங்கள். போன தடவை மாதிரி மூன்று நாள் சும்மா இருந்தால் போதும். உங்கள் பேரும் கெடாது" என்றது நீர்நாய்.

'போன தடவை மாதிரி' என்ற சொல் மிளாவைச் சுருக்கென்று குத்தியது. பதவியை விட்டுப் போய்விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தார். போனால் மானம் மிஞ்சும், முட்டை மிஞ்சாது. போகவில்லை.

மூன்றாம் நாள் எல்லாரையும் கரைக்கு வரச்சொன்னார். எல்லாரும் பார்க்கச் சேற்றில் இறங்கிக் குளம்படியை ஆழமாகப் பதித்தார்.

நீர்நாய் மீசையைத் தடவிக்கொண்டது. "அவ்வளவுதானா தலைவரே?" என்று கேட்டது ஆட்காட்டி.

மிளா திரும்பினார். "மந்திரியாரே, உத்தரவை இன்னொரு தடவை சொல்லுங்கள்."

"ஆட்காட்டி இந்த ஏரியைச் சேர்ந்ததல்ல."

"அப்படியானால் வெளியூர்?"

"வெளியூர்தான். அதிலென்ன சந்தேகம்?"

மிளா ஆட்காட்டியின் முன்னால் போய், கொம்பு தரையில் படத் தலை தாழ்த்தினார். "வாருங்கள், வாருங்கள். வெளியூரிலிருந்து எங்கள் ஏரிக்கு வந்திருக்கிறீர்கள். இருந்து, முட்டை பொரித்து, குஞ்சுகள் நடந்த பிறகு நிதானமாகப் போகலாம்."

"இது அநியாயம்!" என்றது நீர்நாய்.

"விருந்தாளியை வரவேற்பதும் வழியனுப்புவதும் என் வேலை. அதில் மந்திரி தலையிடக் கூடாது. சட்டம் நீங்கள் போட்டதுதானே?" என்றார் மிளா. ஆமை சிரிப்பை அடக்க ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டது.

சொல்வது சுலபம். விருந்தாளி இருக்கும்வரை தலைவர் நகரக் கூடாது. நகர்ந்தால் விருந்து முடிந்தது. கரையிலோ நிழல் கிடையாது, ஒரு பிடி புல் கிடையாது. மிளா நின்றார். ஆட்காட்டி இரை தேடப் போகும்போது தன் நிழல் முட்டைமேல் விழும்படி நின்றார். விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. முயல்தான் பாவம் பார்த்துத் தினமும் ஒரு வாய்ப் புல் கொண்டுவந்து போட்டது.

ஒன்பதாம் நாள் நீர்நாய் வந்தது. "மேற்கே இளம்புல் முளைத்திருக்கிறது. ஒரு நடை போய்விட்டு வாருங்களேன்."

"எனக்குப் பசியில்லை" என்று பொய் சொன்னார் மிளா.

பன்னிரண்டாம் நாள் நாலு முட்டையும் பொரிந்தன. ஆட்காட்டிக் குஞ்சுகளுக்கு நடை பழக்க வேண்டியதில்லை. மறுநாளே தாயின் பின்னால் ஓடின. மிளா தள்ளாடியபடி மேடு வரை கூடவே போய் வழியனுப்பினார். ஆட்காட்டி மேட்டுக்கு அந்தப் பக்கமே குடியேறியது. அங்கிருந்து கத்தினாலும் ஏரி முழுக்கக் கேட்கும். மீன் மூலைப் பக்கம் நீர்நாய் அதன்பிறகு போகவில்லை.

"விருந்து முடிந்ததல்லவா? இனியாவது நிழலுக்குப் போங்கள்" என்று ஏரியிலிருந்து கூப்பிட்டது நீர்நாய்.

மிளா நிழலுக்குப் போகவில்லை. மேட்டிலிருந்து இறங்கி ஒரு வளையின் வாசலில் நின்றார். உள்ளேயிருந்து முள்ளம்பன்றி வந்தது. அவரைக் கண்டதும் முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது.

"அன்றைக்கு நான் சும்மா இருந்தேன். அது என் தப்பு. எங்கள் ஏரிக்கு விருந்துக்கு வர வேண்டும்" என்றார் மிளா.

"எத்தனை நாளைக்கு?"

"என் கால் நிற்கும்வரை."

முள்ளம்பன்றி அவருடைய விலா எலும்புகளைப் பார்த்தது. மெல்ல முள் தணிந்தது. உள்ளே திரும்பிக் குட்டிகளைக் கூப்பிட்டது.

கையிலிருக்கும் அதிகாரம் சிறிது என்று சும்மா இருப்பவனும் தவறுக்குத் துணை போனவனே. அந்தச் சிறிதையும் முழுதாகச் செலவிடுகிறவனே தலைவன்.