புலி வாயில் ஸ்காட்ச்

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த கனகசபாபதிக்கு இரண்டு விஷயத்தில் தலைகால் புரியாத பெருமை. ஒன்று, அவருடைய பாட்டனார் சுட்டு, பாடம் பண்ணிக் கூடத்தில் நிறுத்திவைத்த புலி. இன்னொன்று, சீமையிலிருந்து வரவழைத்த ஸ்காட்ச் விஸ்கி.

விருந்துக்கு வந்த வக்கீல் சடகோபன் ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டார். "முதல்ல தேன். அப்புறம் புகை. கடைசியில ஓக் பீப்பாய். பட்டு மாதிரி இறங்குது" என்றார்.

முதலாளிக்கு அது காதில் ஏறவில்லை. நேற்றுத் திறந்த புட்டி இன்று பாதிதான் இருந்தது. பட்லர் சவரிமுத்துவைக் கூப்பிட்டார்.

"இதைக் குடிச்சு ருசி சொல்லுடா. சரியாச் சொன்னா, நீ ஏற்கெனவே திருடிக் குடிச்சவன். தப்பாச் சொன்னா, இங்கே பரிமாற லாயக்கில்லாதவன். எப்படியும் வேலை போச்சு."

சவரிமுத்து கிளாசைத் தொடவில்லை.

"ருசி தெரியாதுங்க ஐயா. அது வேலை செய்யற விதம் தெரியும். முதல் கிளாசுல உங்களையே புகழ்ந்துப்பீங்க. ரெண்டாவதுல மாமியாரை நினைச்சு அழுவீங்க. மூணாவதுல இந்தப் புலியை 'மாப்பிள்ளை'ன்னு கட்டிப்பிடிச்சு, அதுக்கும் ஊத்துவீங்க. நேத்து மாப்பிள்ளைதான் அதிகம் குடிச்சாரு."

"பொய்" என்று முதலாளி எகிறினார்.

"வக்கீலய்யா மூக்கையே கேட்டுப்பாருங்க."

சடகோபன் மண்டியிட்டு, புலியின் வாய்க்குள் மூக்கை நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"முதல்ல தேன்" என்றார். "அப்புறம் புகை. கடைசியில கொஞ்சம் பாச்சை உருண்டை."