பந்தியில் ஒரு தபால்காரன்

"புத்தகத்தைத் திறந்தா மனசு நிக்க மாட்டேங்குதும்மா. நாலு வரி படிக்கதுக்குள்ள எங்கெல்லாமோ சுத்திட்டு வருது. நான் என்ன செய்யட்டும்?"

கேட்டவர் சிவசைலம். வயசு அறுபத்திரண்டு. முப்பத்து நாலு வருஷம் சர்வேயராக ஊர் ஊராகச் சங்கிலி இழுத்து நிலம் அளந்து ஓய்வு பெற்றவர்.

கேட்கப்பட்டவள் பொற்கொடி. வயசு முப்பத்தெட்டு. கோயில் வாசலில் செருப்பு ஸ்டாண்ட் பார்க்கிறவள்.

ஒரு மனுஷன் போயும் போயும் செருப்பு ஸ்டாண்டிலா குருவைத் தேடுவான் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். மூணு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே செருப்பு விடுகிறவர் அவர். ஒருநாளும் அவள் கையில் புத்தகம் இல்லாமல் பார்த்ததில்லை. அத்தனை கூட்டம், அத்தனை சத்தம். ஒருதடவை தன்னால சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை மூக்கை உறிஞ்சிக்கொண்டே டோக்கன் கொடுத்தாள்.

"வீட்டுல ஏதும் துக்கமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணாச்சி. கதையில."

அன்றைக்கு அவருக்கு வந்த பொறாமை இன்னும் போகவில்லை.

"இம்புட்டு நாள் கேக்காம இன்னைக்கு என்ன திடீர்னு கேக்குதீங்க?" என்றாள் பொற்கொடி.

சிவசைலம் சொன்னார்.

ஒரே மகள், பரமகல்யாணி. மஸ்கட்டில் நர்ஸ். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வரும். அம்மாக்காரி போய் ஒம்பது வருஷம். அன்றிலிருந்து அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு பழக்கம். ரெண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிப்பார்கள், வெள்ளிக்கிழமை அதைப் பற்றிப் பேசுவார்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

"எனக்கும் அவளுக்கும் வேற என்ன பேசன்னு தெரியாதும்மா. ரெண்டு பேருமே வாயில்லாப் பூச்சி. புத்தகத்தைச் சாக்கா வச்சுத்தான் எல்லாம் பேசிக்கிட்டோம்."

ஒரு வருஷமாக அவரால் படிக்க முடியவில்லை. போனில் கதைச் சுருக்கத்தைத் தேடிப் பார்த்துவிட்டு, படித்த மாதிரியே சமாளித்து வந்தார்.

"நேத்து கேட்டா. 'அப்பா, அந்தப் பூனை செத்த இடத்துல அழுகை வந்துதா?' நான் சொன்னேன், 'பின்ன வராதா, கண்ணு நிக்கலம்மா'ன்னு."

"சரி."

"அந்தக் கதையில பூனையே கிடையாதாம்."

இதைக் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். பொற்கொடி சிரிக்கவில்லை.

"பொறவு என்ன சொன்னா?"

"'இனிமே புத்தகம் வேண்டாம்பா. பிரஷர் மாத்திரை போட்டீங்களா?'ன்னா."

சொல்லிவிட்டு அவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கினதை மறைக்கத்தான்.

"படிக்கதுக்கு என்னவெல்லாம் செஞ்சு பாத்தீங்க?"

"செய்யாதது ஒண்ணும் இல்ல. போனை அரிசிப் பானைக்குள்ள வச்சேன். காதுல பஞ்சு வச்சேன். அலாரம் வச்சு இருபத்தஞ்சு நிமிஷம் அசையாம உக்காந்தேன். ஒரு நாளைக்கு நாப்பது பக்கம்னு கணக்கு வச்சேன். கையில பென்சில் வச்சுக்கிட்டு அடிக்கோடு போட்டேன்."

"அடிக்கோடு எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை அவகிட்ட சொல்ல."

பொற்கொடி கையை நீட்டினாள். புத்தகத்தைக் கேட்கிறாள் போல என்று அவர் புத்தகத்தை நீட்டினார். அவள் அவர் சட்டைப் பையிலிருந்த பென்சிலை உருவிக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வாங்க. இந்தப் பக்கம் வந்து உக்காருங்க."

*

மறுநாள் சர்வேயர் செருப்பு வாங்கினார்.

ஒரு ஜோடியை வாங்கி, தட்டில் வைத்து, டோக்கன் கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அடுத்த ஆள் நிற்பான். அவன் போனால் ஒரு குடும்பமே வரும்.

"வந்துட்டானுவ பாரு," என்று பல்லைக் கடித்தார். "இவனுக்கு இப்பத்தான் சாமி கும்பிட நேரம் பொறந்திருக்கு."

பொற்கொடியும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆள் வந்தால் புத்தகத்தைக் கவிழ்த்து வைப்பாள், முகத்தைப் பார்த்து டோக்கன் கொடுப்பாள், ஒரு கிழவரைக் கைபிடித்துப் படியேற்றிவிட்டுக்கூட வந்தாள். உட்கார்ந்த நிமிஷமே கதைக்குள் போய்விட்டாள்.

மத்தியானம் நடை சாத்தினபோது சிவசைலம் களைத்துப்போய்க் கேட்டார்.

"எந்திரிச்சுப் போற, வாற. விரலைக்கூட வைக்க மாட்டேங்க. விட்ட வரிய எப்படிம்மா கண்டுபிடிக்க?"

"வரிய யாரு தேடினா?"

"பின்ன?"

"என் ஆளு ஆத்துக்குள்ள இடுப்பளவு தண்ணியில நிக்கான். வெள்ளம் ஏறிக்கிட்டே வருது. தோளுல ஆட்டுக்குட்டி. அவனை அங்கன விட்டுட்டு வந்த எனக்குத் திரும்பிப் போக வழி தெரியாதாக்கும்?"

சிவசைலம் மடியில் கிடந்த தன் புத்தகத்தைத் தடவினார்.

"உங்க கதையில இப்ப யாரு எங்க நிக்கா?"

அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். முன்னால் ஒரு தாள் புரட்டினார், பின்னால் ஒரு தாள் புரட்டினார்.

"நாப்பத்தேழாம் பக்கம்," என்றார்.

பொற்கொடி அந்தப் புத்தகத்தை வாங்கிப் பலகைக்கு அடியில் வைத்துவிட்டாள். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டு விற்கிற வேலம்மாளின் கடைக்குள் கையை விட்டு வேறொன்றை எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கு அட்டை இல்லை. பேர் இல்லை. எழுதினவர் யாரென்று இல்லை. கடைசியில் பாதிப் புத்தகத்தையே காணோம்.

"என்னம்மா இது?"

"வேலம்மாக்கா விபூதி மடிக்கதுக்குப் பழைய புத்தகத்தைக் கட்டுக் கட்டா வாங்கிப் போட்டிருக்கா. அவ பின்னாலேருந்து கிழிப்பா. நான் முன்னாலேருந்து படிப்பேன். ரெண்டு பேரும் எங்க சந்திக்கோமோ அங்க கதை முடிஞ்சிரும்."

"அப்ப முடிவு?"

"விபூதியோட யாரு வீட்டுக்காவது போயிருக்கும்."

சிவசைலம் போனை எடுத்தார். முதல் வரியைத் தட்டித் தேடினார். ஒன்றும் வரவில்லை. இரண்டாவது வரியைத் தட்டினார். மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் சீர்வரிசை பற்றி என்னென்னவோ வந்தது.

"பேரும் ஊரும் இல்லாத புத்தகத்தைப் படிச்சு அவகிட்ட என்னன்னு சொல்ல?"

"சொல்லாதீங்க."

"சொல்லாமலா?" அவர் எழுந்துவிட்டார். "நான் கேட்டது ஒண்ணு, நீ தாரது ஒண்ணு. எனக்கு என் மகளோட பேசணும்மா! அதுக்குத்தான் வந்தேன். செருப்பு அடுக்கவா வந்தேன்?"

புத்தகத்தைப் பெஞ்சில் போட்டுவிட்டு விறுவிறுவென்று போனார். தேரடி தாண்டின பிறகுதான் காலில் செருப்பு இல்லை என்பது தெரிந்தது. வெயில் கொளுத்தியது. திரும்பி வர ரோஷம் விடவில்லை. குதித்துக் குதித்து வீட்டுக்குப் போனார்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போன் வந்தது.

"மாத்திரை போட்டீங்களாப்பா?"

"போட்டேன்."

"அங்க மழை உண்டா?"

"இல்ல."

"என்ன குழம்பு?"

"புளிக்குழம்பு."

"சரிப்பா. வச்சிரட்டுமா?"

நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெண்டாட்டி செத்த அன்றைக்குக்கூட வீடு இவ்வளவு வெறிச்சென்று இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

*

சனிக்கிழமை ஸ்டாண்டுக்கு வந்தார்.

"செருப்பை எடுக்க வந்தேன்."

பொற்கொடி செருப்பைக் கீழே வைத்தாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

"முன்னைக்கு இளைச்சுப்போய் இருக்கே?"

"வேலம்மாக்காவுக்கு யாவாரம் நடக்க வேண்டாமா?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பென்சில் இல்லை. பக்கக் கணக்குப் போடலாம் என்றால் எத்தனை பக்கமென்றே தெரியாது. யாரிடமும் சொல்வதற்கும் இல்லை. வேறு வழியில்லாமல் படித்தார்.

ஒரு தபால்காரன். சைக்கிளில் வருகிறான். கல்யாண வீடு. வாசலில் வாழை மரம்.

"பெரியவரே, டோக்கன்!"

எழுந்து போய்க் கொடுத்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடியும் ஒருவர். மறுபடியும் போனார், வந்தார். பல்லைக் கடிக்க மறந்துவிட்டது.

ஒரு மணி நேரம் போயிருக்கும்.

"அண்ணாச்சி, எத்தனாவது பக்கம்?" என்றாள் பொற்கொடி.

"பந்தியில உக்கார வச்சுட்டாங்கம்மா!"

"யார?"

"தபால்காரனை! பொண்ணோட அண்ணன் பட்டாளத்துல செத்துப்போனான். தந்தி இவன் சட்டைப் பையில இருக்கு. தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகல. பொண்ணோட அப்பனே வந்து, 'சாப்பிடாமப் போவக்கூடாது'ன்னு கையைப் பிடிச்சு இலையில உக்கார வச்சுட்டான். சோறு போட்டாச்சு. எப்படி இறங்கும்? எந்திரிச்சும் போவ முடியாது. சொல்லவும் முடியாது. ஐயோ, அந்த மனுஷன் இவன் பக்கத்துல நின்னு விசிறிக்கிட்டுல்லா இருக்கான்!"

"நான் பக்கம் கேட்டேன்."

"பக்கமா? அது எவனுக்குத் தெரியும்?"

சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

அதற்கப்புறம் அவருக்கும் வேலம்மாளுக்கும் தினமும் சண்டைதான்.

"ஏ வேலம்மா, அதைத் தொடாதே. நான் வேணும்னா நியூஸ்பேப்பர் கொண்டாந்து தாரேன்."

"நியூஸ்பேப்பர் மை விபூதியில ஒட்டும் அண்ணாச்சி. நெத்தியில கருப்பாப் பூசிக்கிட்டா போவாங்க?"

"அவன் இன்னும் கை கழுவலம்மா!"

"எவன்?" என்றாள் அவள், ரெண்டு தாளைக் கிழித்துக்கொண்டே.

புதன்கிழமை ஒரு அம்மாளின் பின்னாலேயே தேரடி வரைக்கும் ஓடினார். "தாயி, அந்த விபூதிப் பொட்டணத்தைக் கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க." அந்த அம்மாள் பயந்துபோய் பொட்டணத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். தாளின் ஓரத்தில் நாலு வரி இருந்தது. சைக்கிள் டயர் பஞ்சர் ஆனதைப் பற்றி. எந்தப் போக்கில் பஞ்சர், வரும்போதா போகும்போதா, தெரியவில்லை. அன்று முழுக்க அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

*

வெள்ளிக்கிழமை. ஆடி வெள்ளி வேறு. வாசலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது.

வேலம்மாளுக்கும் அவருக்கும் இடையில் நாலே தாள் மிச்சம். சிவசைலம் பெஞ்சின் மூலையில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தார். முன்னால் செருப்பு மலையாகக் குவிந்தது.

"யோவ் பெரிசு! டோக்கன் குடுய்யா!"

அவர் நிமிரவில்லை. பொற்கொடி ஒரு ஆளாக ரெண்டு பக்கமும் பார்த்தாள்.

பலகை மேலிருந்த அவருடைய போன் அடித்தது. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"அண்ணாச்சி, போனு."

அவர் புத்தகத்தை முகத்துக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"அண்ணாச்சி!"

மூணாவது தடவை அடித்தபோது பொற்கொடியே எடுத்தாள்.

"அப்பா?"

"நான் பொற்கொடி பேசுதேன்மா. கோயில் செருப்பு ஸ்டாண்டு."

அந்தப் பக்கம் குரல் நடுங்கியது. "அப்பாவுக்கு என்னாச்சு? விழுந்துட்டாங்களா? ஒம்பது வருஷத்துல ஒரு வெள்ளிக்கிழமைகூட எடுக்காம இருந்ததில்லையே! முதல் மணியிலேயே எடுத்துருவாங்களே!"

"ஒண்ணும் ஆகலம்மா. என் முன்னாலதான் இருக்காரு. படிக்காரு."

"என்ன?"

"புத்தகம் படிக்காரு. போனு அடிச்சுது, பேரு சொல்லியும் கூப்பிட்டேன். காதுல விழல."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"இரும்மா, தோளைத் தட்டிக் கூப்பிடுதேன்."

சிவசைலம் தாளைத் திருப்பினார். கன்னத்தில் வழிந்ததை அவர் துடைக்கக்கூட இல்லை.

"வேண்டாம்க்கா," என்றாள் கல்யாணி. "தொடாதீங்க. அவங்க படிச்சு முடிக்கட்டும். நான் லைன்லயே இருக்கேன்."